மங்கலான சிவப்பு இலக்கங்கள்

போன மாதம் லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் கண் சோதிக்கப் போனேன். இந்த வயதில் மாதத்துக்கு ஓர் உறுப்பு என்று முறைவைத்துக் கூப்பிடுகிறார்கள். போன மாதம் கண்ணின் முறை. கண்ணாடிக் கடையில் இருந்த பெண்பிள்ளை என் பெயரை வாசித்தவுடனேயே என்னை ஆன்ரி ஆக்கிவிட்டாள். அறை விளக்கை அணைத்துவிட்டு, பெரிய கிண்ணம் போன்ற ஒரு கருவிக்குள் முகத்தை விட்டு நாடியை ஊன்றச் சொன்னாள்.

"ஆன்ரி, நடுவிலை மட்டும் பாருங்கோ. பக்கத்திலை குட்டி லைற் தெரிஞ்சா பட்டனை அமத்துங்கோ. அவ்வளவுதான். ரிலாக்ஸ்."

கையில் ஒரு பட்டன், கண்ணுக்கு முன்னால் இருட்டு. இருட்டில் ஒரு துளி வெளிச்சம் வந்து போனது. அமத்தினேன். பட்டன் விரலுக்குக் கீழே 'டிக்' என்று உள்ளே போய் மீண்டது. அந்த டிக் போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு எத்தனை வெளிச்சம் வந்து போனதோ எனக்குத் தெரியாது. நான் லூயிஷாமில், எழுபதுகளின் நடுவில், பழுதுபார்க்கிற ஒரு மேசைக்கு முன்னால் இருந்தேன்.

"ஆன்ரி, நித்திரையோ?" என்றாள் பிள்ளை. சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று.

சட்டைப்பைக் கல்குலேட்டர் புதிதாக வந்த காலத்தை நீங்கள் கண்டிருக்கிறீர்களோ தெரியாது. இப்போது அது போனுக்குள் ஏதோ ஒரு மூலையில் கிடக்கிறது. அப்போது அது தனியான, மரியாதையான ஒரு பொருள். சட்டைப்பைக்கு என்றுதான் பெயர். போட்டால் சட்டை ஒரு பக்கமாக இழுபடும். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு இலக்கங்கள் எரியும். இலக்கம் ஒவ்வொன்றும் அரிசி அளவுதான். அதைப் பெரிதாக்கிக் காட்டுவதற்கு மேலே வரிசையாகக் குமிழ்க் கண்ணாடிகள் வைத்திருப்பார்கள். நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் இலக்கம் நழுவிப் போய்விடும். அதனால் எல்லோரும் அதைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். ரயிலில் நாலு பேர் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால், உள்ளே ஏதோ சிறு பூச்சி ஓடுகிறது போலவும் அதை இவர்கள் கவனிக்கிறார்கள் போலவும் இருக்கும்.

நான் கொழும்பில் பௌதிகவியல் படித்து முடித்தது முழுக்க மடக்கை அட்டவணையின் தயவில். லண்டனுக்கு வந்து ஒரு கடையில் கல்குலேட்டரை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது, இவ்வளவு படித்த நான் அதில் செய்து பார்த்த கணக்கு இரண்டும் இரண்டும். நாலு என்றுதான் வந்தது. இருந்தாலும் இன்னொரு தரம் செய்து பார்த்தேன்.

கணவர் பாலா அப்போது கணக்கியல் பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தார். நான் வேலை தேடிக்கொண்டிருந்தேன். என்னுடைய பட்டத்தை எல்லோரும் மரியாதையாகப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பித் தந்தார்கள். கடைசியில் லூயிஷாம் சந்தைக்குப் பின்பக்கத்தில், வானொலி திருத்துகிற சின்னக் கடை ஒன்றில் ஆள் தேவை என்று கண்ணாடியில் ஒட்டியிருந்ததைப் பார்த்து உள்ளே போனேன். கடைக்காரர் பெயர் லென். போர்க் காலத்து வானொலிகளோடு வளர்ந்த மனிதர். கல்குலேட்டர்கள் வந்து குவியத் தொடங்கியதில் அவருக்குக் கொஞ்சமும் மகிழ்ச்சி இல்லை.

"திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. வானொலி என்றால் உள்ளே ஒரு ஊரே இருக்கும்," என்றார். பிறகு, "ஈயம் பற்றவைக்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும் என்றேன். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஒரேயொரு முறை பற்றவைத்திருந்தேன். அதுவும் மேசையோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டது. லென் நான் பற்றவைத்ததைப் பார்த்துவிட்டுக் கெட்டுப்போன மின்சுற்றுப் பலகை ஒன்றைத் தந்து, இதில் பழகு என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போய்விட்டார். நல்ல மனிதர்.

ஈயக் கம்பிக்குள் இருக்கும் பிசின் சூடாகும்போது எழும் புகை ஏறக்குறைய சாம்பிராணி மணம். மாலையில் வீட்டுக்கு வந்தால் பாலா தலையை நிமிர்த்தாமலே, "கோயிலுக்குப் போட்டு வாறீரோ?" என்பார். லண்டனில் அப்போது கோயில் என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. என் தலைமயிரில்தான் கோயில் இருந்தது.

வேலை பழகப் பழக எனக்கு அது பிடித்துப்போனது. லென் சொன்னது பிழை. உள்ளே நிறைய இருந்தது. விசைகளைக் கழற்றினால் அவற்றின் கீழே ஆட்களின் சீவியம் கிடக்கும். புகையிலைத் தூள், சீனி, சோக்குத் தூள். ஒருமுறை சந்தையில் மீன் விற்கிறவருடையதில் உண்மையாகவே ஒரு செதில். பற்றரி கசிந்து பச்சை பூத்திருக்கும். ஒரு தரம் அமத்தினால் இரண்டு தரம் விழுகிற விசைகளைச் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைக்க வேண்டும். இலக்கம் ஒவ்வொன்றும் ஏழு சின்னக் கோடுகளால் ஆனது. அதில் ஒரு கோடு செத்துப்போனால் எட்டு ஒன்பதாகிவிடும். ஆட்கள் கடுங்கோபத்தோடு வருவார்கள். இயந்திரம் தங்களிடம் பொய் சொல்லிவிட்டது என்பதைத்தான் அவர்களால் தாங்க ஏலாமல் இருந்தது.

கோபம் என்றதும் தர்மலிங்கம் அண்ணைதான் நினைவுக்கு வருகிறார். இவ்வளவு நேரமும் அவரிடம் வரத்தான் சுற்றிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

அவர் பாலங்கள் கட்டுகிற பொறியியல் நிறுவனம் ஒன்றில் வரைபடம் கீறுகிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்களுக்கு முன்பே வந்து தோர்ண்டன் ஹீத்தில் வீடும் வாங்கியிருந்தவர். எங்கள் ஆட்கள் ஓர் அறைக்குள் அடங்கிவிடுகிற அளவு இருந்த காலம் அது. பொங்கல், தீபாவளி என்று யாரோ வீட்டில் கூடும்போது கண்டிருக்கிறேன். எப்போதும் கழுத்துப்பட்டி கட்டியிருப்பார். தமிழ்ப் பெண் ஒருத்தி கல்குலேட்டர் திருத்துகிறாள் என்று கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்தார். பஞ்சு வைத்துத் தைத்த உறையிலிருந்து தன்னுடையதை வெளியே எடுத்தார். கீறல் ஒன்றும் இல்லை. விசைகளின் கீழே கட்டாயம் ஒரு தூசும் இருக்காது என்று பார்த்தவுடனேயே தெரிந்தது.

"இலக்கங்கள் மங்கிப் போச்சு, தங்கச்சி. ஒருக்காப் பாரும்."

எனக்கு அது நன்றாகவே எரிவதாகப்பட்டது. என்றாலும் புதுப் பற்றரி போட்டுக் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை திரும்பி வந்தார்.

"நீர் என்ன செய்தனீர்? இன்னும் மங்கல்தான்."

"புதுப் பற்றரி போட்டனான், அண்ணை."

"பற்றரி மாத்த எனக்குத் தெரியாதே? உள்ளுக்கை பாரும்."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. உள்ளே திறந்து, ஒளிக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிற சின்ன மின்தடைகளை மாற்றினேன். இலக்கங்கள் பளீரென்று எரிந்தன. பற்றரி சீக்கிரம் தீரும், ஆனால் இப்படியொரு சிவப்பை அந்தத் தெருவே கண்டிருக்காது. லென் எட்டிப் பார்த்து, "காரின் பிரேக் விளக்குப் போல இருக்கிறது," என்றார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த தொழில்முறைப் பாராட்டுகளில் அது முக்கியமானது.

இரண்டு கிழமை போகவில்லை. கதவு திறந்தது. இந்த முறை அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேரே லென்னிடம் போய், திருத்தமான ஆங்கிலத்தில், இந்தப் பெண்ணுக்கு வேலை தெரியாது, வேறு யாராவது இதைப் பார்க்க வேண்டும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "குறை நினையாதையும். பொம்பிளையளுக்கு ஏலாத வேலையை ஏன் எடுக்கிறீர்?" என்றார். ஆங்கிலத்தில் சொன்னதை விட அதுதான் சுட்டது.

லென் கல்குலேட்டரை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது, சார்," என்றார்.

"இதுவா நன்றாகத் தெரிகிறது?" என்று தர்மலிங்கம் அண்ணை அதைப் பறிக்காத குறையாக வாங்கிக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். இடக்கண்ணுக்கு. வலக்கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். குமிழ்க் கண்ணாடிக்குள் பார்க்கும்போது எல்லோரும் ஒரு கண்ணை இடுக்குவதுதான். அவர் எப்போதுமே இடக்கண்ணால்தான் பார்த்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் முகம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் தலைக்குள் எங்கேயோ கொழும்புப் படிப்பு வேலை செய்யத் தொடங்கியிருந்தது. இயந்திரம் அதேதான். மின்சாரம் கூடியிருக்கிறது. லென்னுக்கும் எனக்கும் பிரகாசமாகத் தெரிகிறது. மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

"அண்ணை, ஒருக்கா வலக்கண்ணாலை பாருங்கோ."

"என்ன?"

"கோவியாதையுங்கோ. மற்றக் கண்ணாலை பாருங்கோ."

அவர் கல்குலேட்டரை மற்றப் பக்கம் கொண்டுபோனார். அப்படியே நின்றார். மெல்ல அதை மேசையில் இறக்கி வைத்தார்.

"அண்ணை, மெசினிலை ஒரு பிழையும் இல்லை. நீங்கள் கண்ணைக் காட்டவேணும்."

"கண் பாக்கிறதுக்கு நீர் டொக்ரரோ?" என்றார். குரலில் முன்பிருந்த வேகம் இல்லை. கல்குலேட்டரை எடுக்காமலே வெளியே போய்விட்டார். அதன் உறை மட்டும் அவர் கையில் இருந்தது.

இரவு பாலாவிடம் சொன்னேன். "மற்றவையின்ரை கண்ணுக்குள்ளை நீர் ஏன் கை வைக்கிறீர்?" என்றார். ஆனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான் கோட்டு மாட்டியபோது அவரும் பரீட்சைப் புத்தகத்தை மூடிவிட்டுக் கூட வந்தார். திருத்திய பொருளைத் திருப்பிக் கொடுக்கப் போகிறோம் என்று ஒரு சாட்டு இருந்தது. பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம்.

கதவைத் திறந்தது அவருடைய மனைவி ராணியக்கா. எங்களைக் கண்டதும் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். தர்மலிங்கம் அண்ணை ஞாயிற்றுக்கிழமையிலும் கழுத்துப்பட்டியோடு நாற்காலியில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கல்குலேட்டரை அவர் முன்னால் வைத்தேன். அவர் தொடவில்லை. பேப்பரையும் இறக்கவில்லை. பாலா காலநிலை பற்றி ஏதோ சொன்னார். தர்மலிங்கம் அண்ணை ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

நான் எழுந்து சமையலறைக்குப் போய் ராணியக்காவிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் பிளேட்டில் விஸ்கோத்து அடுக்கிக்கொண்டே கேட்டார். பிறகு கையை நிறுத்தினார்.

"கொஞ்ச நாளா இடப்பக்கம் கதவு நிலையிலை இடிபடுறார். கேட்டால் நிலையைப் பிழையாய் வைச்சிருக்கிறாங்களாம்," என்றார். "ராவிலை தலையிடி எண்டும் சொல்லுறவர். வேலை கூட எண்டு நினைச்சன்."

தேநீர்த் தட்டை மேசையில் வைத்தார். கணவருக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்தார். பேப்பரைக் கையிலிருந்து எடுத்து மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

"இஞ்சாருங்கோ. அந்த மெசினை விடுங்கோ. என்னைப் பாருங்கோ. என்ரை பொட்டு என்ன நிறம்?"

"இதென்ன கேள்வி, ஆக்களுக்கு முன்னாலை. சிவப்பு."

"இப்ப வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு சொல்லுங்கோ."

அவர் உள்ளங்கையால் கண்ணைப் பொத்தினார். பார்த்தார். கையை எடுத்தார். திரும்பவும் பொத்தினார். பாலா தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மண்ணிறம்," என்றார் கடைசியில். "காய்ஞ்சு போன மண் மாதிரிக் கிடக்கு, ராணி."

ராணியக்கா அழவில்லை. அவருடைய கையைப் பிடித்து முழங்காலில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு வேலைக்குப் போகேலாது. டொக்ரரிட்டைப் போறம்," என்றார். அவர் ஓம் என்று தலையாட்டினார். அந்த மனிதர் எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லாமல் ஓம் என்று நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. கண் ஆஸ்பத்திரியில் பெரிய டொக்ரர் முதலில் செய்தது, ஒரு மருந்துப் போத்தலின் சிவப்பு மூடியை ஒவ்வொரு கண்ணுக்கும் முன்னால் பிடித்துக் காட்டி, சிவப்பு ஒரே மாதிரியா என்று கேட்டதுதானாம். ராணியக்கா இதைச் சொல்லும்போதெல்லாம், "நான் போத்தல் மூடி இல்லாமலே பாத்தனான்," என்று சேர்த்துக்கொள்வார். கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு நசிந்தால் முதலில் வெளிறுவது சிவப்புத்தான் என்று டொக்ரர் விளங்கப்படுத்தியிருக்கிறார். படம் எடுத்துப் பார்த்ததில் நரம்பை அழுத்திக்கொண்டு ஒரு கட்டி. கெட்ட கட்டி அல்ல. ஆனால் அது வளர்ந்துகொண்டிருந்தது. இடக்கண்ணைத் தின்றுவிட்டு வலக்கண்ணுக்குப் போகும் பாதையில் இருந்தது.

ஒப்பரேஷன் அன்று நான் லென்னிடம் லீவு கேட்டேன். கேட்கிறபோதே அவர், "போ, போ," என்றார். ராணியக்காவும் நானும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பச்சைக் கதிரைகளில் இருந்தோம். அவர் என்னிடம் சாம்பார்ப் பொடி பற்றிப் பேசினார். எந்தக் கடையில் நல்ல மிளகாய் கிடைக்கும், எப்படி வறுக்க வேண்டும் என்று மிக விரிவாகப் பேசினார். நான் எல்லாவற்றுக்கும் ஓம் போட்டேன். இருவருக்கும் ஒரு சொல்லும் காதில் விழவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்து முகமூடியை இறக்கிச் சிரித்த பிறகுதான், ராணியக்கா பேச்சை நிறுத்தி என் தோளில் நெற்றியை வைத்தார்.

சில நாள் கழித்து வார்டுக்குப் போனேன். தலை முழுவதும் கட்டு. கழுத்துப்பட்டி இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். யாரோ ஒரு சின்னப் பெடியனைப் போல இருந்தார். கல்குலேட்டரைக் கையில் கொடுத்தேன். எட்டாக அமத்தி இலக்கத் தட்டை நிரப்பினார். வலக்கண்ணால் பார்த்தார், இடக்கண்ணால் பார்த்தார்.

"இடக்கண்ணுக்கு இன்னும் மங்கல்தான்," என்றார். கல்குலேட்டரை அணைத்துவிட்டு, "அதுக்கு நீர் பொறுப்பில்லை," என்றார்.

அவர் எனக்குச் சொன்ன நன்றி அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்லியிருந்தால் எனக்குச் சங்கடமாக இருந்திருக்கும்.

வலக்கண் பெரும்பாலும் தப்பியது. திரும்ப வேலைக்குப் போனார். பாலங்கள் கீறினார். ஆனால் அதற்குள் சிவப்பு இலக்கங்களின் காலம் முடிந்துகொண்டு வந்தது. சாம்பல் தட்டில் கறுப்பு இலக்கம் காட்டுகிற புது மாதிரி வந்துவிட்டது. மெல்லியது, மலிவு, ஒரு பற்றரி வருடக்கணக்காகப் போகும். அலுவலகத்தில் அவருக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள். "சாம்பலுக்கு மேலை சாம்பலாலை எழுதினமாதிரிக் கிடக்கு," என்று கொண்டுவந்து காட்டினார். மிச்சமிருந்த பார்வைக்குத் தானாகவே எரிகிற இலக்கம்தான் பிடிபட்டது. ஆகவே செத்த இயந்திரங்களிலிருந்து சிவப்புத் தட்டுகளைக் கழற்றி அவருக்கென்று ஒரு மேசை லாச்சியில் சேர்த்து வைத்தேன். லென்னும் எங்கேயாவது ஒன்றைக் கண்டால், "உன் பாலக்காரருக்கு," என்று கொண்டுவந்து போடுவார். தர்மலிங்கம் அண்ணையின் கல்குலேட்டர் அவர் ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் எரிந்தது. கடைசியில் அதற்குள் முதலில் இருந்த பாகம் என்று சொல்லப் பெட்டியும் விசைகளும்தான் மிச்சம்.

கடை அதற்குக் கனகாலம் முன்பே மூடியாயிற்று. திருத்துவதை விடப் புதிது வாங்குவது மலிவு என்றான பிறகு, எங்களிடம் யார் வரப்போகிறார்கள்? லென் கடற்கரை ஊர் ஒன்றுக்குத் தங்கையோடு இருக்கப் போனார். போகும்போது ஒரு பழைய வானொலியை எனக்குத் தந்து, "திறந்து பார். ஊர் உள்ளே இருக்கிறது," என்றார். நான் பிறகு பள்ளிக்கூடம் ஒன்றில் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றேன். பாலாவின் பரீட்சைகளும் ஒருவாறு முடிந்தன. தர்மலிங்கம் அண்ணை எண்பது தாண்டி, இருதயத்தால் போனார். ராணியக்கா இப்போது ஹவுன்ஸ்லோவில் மகளோடு இருக்கிறார்; தொலைபேசியில் பேசினால் சாம்பார்ப் பொடியில்தான் முடிப்பார்.

லூயிஷாமுக்கு எப்போதாவது போகிறேன். சந்தை இருக்கிறது. எங்கள் கடை இருந்த வரிசையை இடித்து உயரமான வீடுகள் கட்டிவிட்டார்கள். பக்கத்தில் போன் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. சுத்தமான, வெளிச்சமான கடை. நிற்கிற பிள்ளைகளும் மரியாதையானவர்கள். போன சித்திரையில் என் போன் வேலை செய்யவில்லை என்று அங்கே கொண்டுபோனேன். அந்தப் பெடியன் என்ன நடந்தது என்று கேட்கவில்லை, திறந்தும் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே இன்னொன்றை எடுத்துத் தந்தான். எனக்கு ஒரு குறையும் இல்லை. வெளியே வந்து பஸ்சுக்கு நிற்கும்போதுதான் யோசித்தேன்: தர்மலிங்கம் அண்ணை இன்றைக்கு அந்தக் கடைக்குள் போய், இலக்கங்கள் மங்கிப் போச்சு என்று சொன்னால் என்ன நடக்கும்? அவரை ஒருவரும் கோபப்படுத்த மாட்டார்கள். அவரும் ஒருவரையும் ஏச மாட்டார். மங்கலாகத் தெரிகிறதென்றால் புதிது தருவார்கள். அதுவும் மங்கலென்றால் இன்னொன்று தருவார்கள். ஒவ்வொரு முறையும் அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.